வாசலுக்கு வெளியே நின்று கேட்பது

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



“நீங்க எப்பப் பாத்தாலும் பாஸ் புக்கு, தீர்மான நோட்டுன்னே பேசுறீங்க. இந்த டிசம்பர் மாசமாவது உங்க வேதத்துல இருந்து ஏதாவது சொல்லுங்க”ன்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே முத்தாரம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் இருக்கிறீர்கள், ஐந்து வேளை தொழுகிறவர்கள் இருக்கிறீர்கள். யாரையும் எங்கேயும் இழுக்க நான் வரவில்லை. எங்க வீட்டில் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்லணும். நான் கொஞ்சம் பேசினாலே பாஸ் புக்கிலேதான் வந்து நிற்பேன். அது என் வியாதி.

இயேசு சொன்ன கதைகளில் பாதி, சமையல் கட்டிலும் வயலிலும் நடக்கிற கதைகள். மாவு பிசைகிறவள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவள், நியாயம் கேட்டு நீதிபதியை விடாமல் நச்சரிக்கிற விதவை, இப்படி. அதில் லூக்கா 15-ம் அதிகாரத்தில் வரும் ஒரு பெண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவளிடம் பத்து வெள்ளிக்காசு இருந்தது. ஒன்று தொலைந்துபோனது. ஒரு வெள்ளிக்காசு என்பது அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒரு நாள் கூலி. நம்ம நூறு நாள் வேலையில் ஒரு நாள் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தேடாமல் விடுவோமா? அவள் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரைக்கும் தேடினாள். கிடைத்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, “என் காசு கிடைச்சிடுச்சு”ன்னு சந்தோஷப்பட்டாள்.

இந்தக் கதைக்கு முன்னால் காணாமல் போன ஆட்டின் கதை வருகிறது. ஆடு தொலைந்தால் கத்தும். காசு கத்தாது. தான் தொலைந்துபோனதுகூட அதுக்குத் தெரியாது. அதோடு அது வெளியே எங்கேயும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயேதான் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. நம்ம குழுவிலும் அப்படித்தான். பதினைந்து பேரில் ஒருத்தி மூன்று வாரமாய் வரவில்லை என்றால் அவள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. அதே தெருவில்தான் இருக்கிறாள். நாம் என்ன செய்கிறோம்? நோட்டில் ‘வரவில்லை, அபராதம் 10 ரூபாய்’ என்று எழுதிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுகிறோம். விளக்கைக் கொளுத்துவது யார்? வராதவளுக்கு அநேகமாய் மூன்று காரணம்தான் இருக்கும். கையில் சந்தா இல்லை, வீட்டில் அடி விழுந்திருக்கும், இல்லையென்றால் நம்மில் யாரோ ஒருத்தர் சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருப்போம். இயேசு கடவுளைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், கையில் விளக்குமாறோடு குனிந்து தேடுகிற ஒரு பொம்பளையைக் காட்டினார். இதை எங்க சபையில் பிரசங்கமாய்க் கேட்டது குறைவு. ஆட்டைப் பற்றித்தான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

இனி எங்க வீட்டுக்கு வருகிறேன்.

எங்க அம்மாவுடைய அம்மா, ஆச்சி, தேரிக்காட்டு ஓரத்து ஊரில் வாழ்ந்தவர். பனை ஏறுகிற குடும்பம். ஆச்சிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண் கலயம் வைத்திருந்தார். உலையில் அரிசி போடும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போட்டுவிடுவார். பிடியரிசிக் காணிக்கை. எங்க பக்கத்துக் கோவில்களில் (நாங்கள் சர்ச்சையும் கோவில் என்றுதான் சொல்லுவோம்) ரொம்ப நாளாய் இருந்த பழக்கம். வாரம் முடிய அரைப்படி சேரும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொண்டு கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் அந்த அரிசி, முதல் காய்த்த முருங்கைக்காய், கோழி போட்ட முதல் முட்டை எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். இரண்டு ரூபாய் முட்டையை இருபது ரூபாய்க்கு ஏலம் எடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறவர்களை நான் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன்.

இது எங்க ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். மிசோரமில் 1910-ல் இதே பிடியரிசியைச் சபைப் பெண்கள் தொடங்கினார்கள். இன்றைக்கும் நடக்கிறது, வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் சேர்கிறது. காஞ்சிப் பெரியவரும் ஏழைகளுக்கு அன்னம் போட இதே பிடி அரிசித் திட்டத்தைச் சொன்னவர்தான். பானையைச் சுரண்டிச் சேமிப்பது எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த வித்தை. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது சேமிப்பு என்பது நமக்குப் புதுசாய் வந்தது என்று பாடத்தில் எழுதுகிறார்கள். புதுசாய் வந்தது நோட்டுப் புத்தகமும் வங்கிக் கணக்கும்தான். நான் சமூகப் பணி படித்த இரண்டு வருஷத்தில் ‘பங்கேற்பு’ என்ற வார்த்தையைக் குறைந்தது ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். ஆச்சி அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை.

அந்தக் கலயத்தைப் பற்றி அம்மா சொல்லுகிற ஒரு விஷயம் உண்டு. வீட்டில் அரிசி இல்லாத நாள் வரும். பிள்ளைகள் ஐந்து பேர். கலயத்தில் அரிசி இருக்கும். “அதை எடுத்துப் பொங்கேன்”னு தாத்தா சொன்னால் ஆச்சி அசைய மாட்டாராம். ஆனால் பக்கத்து வீட்டில் பிரசவம் ஆகி அடுப்பு எரியாமல் கிடந்தபோது, கலயத்தோடு தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாராம். உபதேசியார் வந்து கேட்டபோது, “காணிக்கை சேர வேண்டிய இடத்துல சேந்துட்டு அய்யா”ன்னாராம். இதில் எது சரி, எது தப்பு என்று எங்க வீட்டில் இன்றைக்கும் பேச்சு முடியவில்லை. என் மாமா, “அது சபைக்குன்னு பிரித்த அரிசி, அதை எடுத்தது தப்புதான்” என்பார். நான் ஆச்சி கட்சி.

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான கதை.

பனைத் தொழிலில் பதநீர்க் காலம் மாசி, பங்குனி வாக்கில் தொடங்கி ஆடி வரைக்கும் ஓடும். ஆண் மரம் ஏறி இறக்கிக் கொடுப்பான். காய்ச்சுவது பெண். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் விடிவதற்குள் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு தடவினாலும் இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாகணும். விடிலிக்குள் பெரிய தாச்சியை அடுப்பில் ஏற்றி, ஓலையும் விறகுமாய்த் தள்ளி, பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்கி, பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. கண்ணெல்லாம் புகை. அந்தக் குடும்பத்துக்குத் தாச்சிதான் சொத்து.

தாத்தா ஒரு கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். சீசன் தொடங்குவதற்கு முன்னால் பணம் வாங்கினால் கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்கு அவருக்கே போடணும். அந்த வருஷம் தாத்தா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். சின்னத் தாத்தா தன் மரத்தோடு சேர்த்து எங்க மரத்திலும் பாதியை ஏறினார். கருப்பட்டி குறைந்தது. சித்திரை மாதம், நல்ல பதநீர் ஓடுகிற நேரம், வியாபாரி இரண்டு ஆட்களோடு வந்தார். நேரே வீட்டுக்குள் நுழைந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. விடிலிக்குள் போய், அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த தாச்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். கடனை அடைக்க இருந்த ஒரே வழி அந்தத் தாச்சி. அதை எடுத்த பிறகு கடன் எப்படி அடையும்? பதநீர் வந்துகொண்டே இருக்கிறது, காய்ச்சப் பாத்திரம் இல்லை. அடுத்த விடிலிக்காரி, அம்மன் கோவிலுக்கு முதல் ஆளாய்ப் பொங்கல் வைக்கிற வீட்டுக்காரி, “நான் காச்சி முடிச்சதும் நீ என் தாச்சியில காச்சிக்கோ”ன்னு சொன்னார். அந்தச் சீசன் முழுக்க ஆச்சி உச்சி வெயிலில் இன்னொருத்தர் அடுப்பில் நின்றார். பாதிப் பதநீர் அதற்குள் புளித்துவிடுமாம்.

அம்மா அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்தார். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆச்சிக்கு வேதம் வாசித்துக் காட்டுவது அம்மாவின் வேலை. வரிசையாய் வாசித்துக்கொண்டு வந்ததில், சில மாதம் கழித்து உபாகமம் 24-ம் அதிகாரம் வந்தது. அதில் கடன் கொடுக்கிறவர்களுக்குச் சில கட்டளைகள் இருக்கின்றன. மாவு அரைக்கிற திரிகையை அடகாக வாங்கக் கூடாது, அது ஒருத்தருடைய உயிரையே அடகு வாங்குவது மாதிரி என்கிறது. அடகு வாங்கப் போனால் கடன்காரன் வீட்டுக்குள்ளே நுழையாதே, வெளியே நில், அவனே எடுத்துக்கொண்டு வந்து தரட்டும் என்கிறது. அவன் ஏழையாய் இருந்து போர்வையை அடகு கொடுத்தால், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, அவன் அதைப் போர்த்துக்கொண்டு தூங்கணும் என்கிறது.

ஆச்சி, “ஏட்டி, அதைத் திரும்ப வாசி”ன்னாராம். அம்மா வாசித்தார். “தாச்சின்னு போட்டிருக்கா?” “இல்லம்மா, திரிகைன்னு போட்டிருக்கு.” “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு ஆச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, “இது அந்த ஆளு வீட்டு வேதத்துலயும் இருக்கும்லா?”ன்னு கேட்டாராம். அந்த வியாபாரியும் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முன்வரிசையில் உட்காருகிறவர்.

பின்னால் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு ஆச்சியே ஐம்பது, நூறு என்று கைமாற்றுக் கொடுத்திருக்கிறார். திருப்பிக் கேட்கப் போனால் வாசற்படி ஏற மாட்டார். முற்றத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். “உள்ள வாங்கம்மா”ன்னு அவர்களே கூப்பிட்டாலும், “இன்னைக்கு வேற சோலியா வந்தேன், இன்னொரு நாள் வாரேன்” என்பார். எங்க அம்மாவும் அப்படித்தான். அது ஏன் என்று எனக்கு விவரம் தெரிந்தது இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான்.

சகோதரிகளே, இப்போது பாஸ் புக்குக்கு வந்துவிட்டேன். என்னைத் திட்டாதீர்கள்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு குழுவில், பேர் சொல்ல மாட்டேன், சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி உள்கடனில் ஆறு தவணை கட்டவில்லை. வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. குழுவில் நாலு பேர் போய் அவருடைய தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஊக்குநர் வீட்டில் வைத்துவிட்டார்கள். “கட்டிட்டு எடுத்துக்கோ”ன்னு சொல்லியாச்சு. அவர் தைத்துத்தான் கட்டணும். தைக்க மிஷின் இல்லை. எனக்கு உடனே விடிலிதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்குக் குழுவில் இரண்டு மணி நேரம் பேசினோம். ஊக்குநர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. “மேடம், அவ ஒருத்தி கட்டலைன்னா வங்கியில எங்க குழு பேரு கெடும். அடுத்த கடன் வராது. பதினாலு பேரு வயித்துல மண்ணு. அவ மேல இரக்கப்பட்டா எங்க மேல யாரு இரக்கப்படுவா?” இதுக்கு வேதத்தில் பதில் இருக்கா என்று கேட்டால், நான் வாசித்தவரைக்கும் சொல்லுகிறேன். உபாகமம் 24-ல் கடனைக் கேட்காதே என்று சொல்லவில்லை. (15-ம் அதிகாரத்தில் ஏழாவது வருஷம் கடனை விட்டுவிடச் சொல்லி இருக்கிறது. அதை நம்ம வங்கி மேனேஜரிடம் சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.) இங்கே சொல்லியிருப்பது எப்படிக் கேட்பது என்பதை. கேள், வெளியே நின்று கேள். அவள் பிழைக்கிற கருவியில் கை வைக்காதே. அவள் கொடுக்கிறதை அவள் கையால் கொடுக்கட்டும். கடன் பட்டவளுக்கும் வாசற்படி என்று ஒன்று உண்டு.

அந்தக் குழு மிஷினைத் திருப்பிக் கொடுத்தது. வாரம் 300 ரூபாய் என்று தவணையை மாற்றித் தீர்மானம் போட்டார்கள். இரண்டு வாரம் கட்டவில்லை, மற்ற வாரம் கட்டியிருக்கிறார். இன்னும் பாக்கி இருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. 2022-ல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு விதிகள் கொண்டுவந்தது. அதை வாசித்தபோது எனக்கு ஆச்சிதான் முன்னால் வந்து நின்றார். வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்துக்குக் கொடுக்கிற இந்தக் கடனுக்கு ஈடு எதுவும் வாங்கக் கூடாது. அதாவது, திரிகையைத் தொடாதே. தவணை வசூலிக்க இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொது இடம் முடிவு பண்ணணும். அந்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராமல் இருந்தால்தான் வீட்டுக்கோ வேலை பார்க்கிற இடத்துக்கோ வரலாம். அதாவது, வெளியே நில். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, சொந்தக்காரர்களிடமும் கூட வேலை பார்ப்பவர்களிடமும் போய்த் தொல்லை கொடுப்பது எல்லாம் கூடாது. எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இதெல்லாம் வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் போட்ட விதி. நம்ம குழுவின் உள்கடனுக்கு இல்லை. ஆனால் வெளி ஆள் நம்மிடம் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிற ஒன்றை, நம்ம கூடப் பாயில் உட்காருகிறவளுக்கு நாம் செய்யலாமா?

ஏழை விதவை இரண்டு காசு காணிக்கை போட்ட கதை எல்லாருக்கும் தெரியும், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கேட்டிருப்பீர்கள். உண்டியல் நேரத்தில் அதைத்தான் சொல்லுவார்கள். ஆனால் மாற்கு 12-ம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கணும். நீளமாய் ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசு சொல்லி முடிக்கிறார். முடித்ததும் அந்த விதவை வந்து, கையில் இருந்த கடைசி இரண்டு காசையும் போடுகிறாள். இரண்டையும் சேர்த்து வாசித்தால் வேறு மாதிரி கேட்கிறது. அவள் கொடுத்தது பெரிசுதான். அவளிடம் இரண்டு காசு மட்டும் மிஞ்சும்படி செய்தவர்கள் யார் என்றும் கேட்கணும் இல்லையா.

நேரமாகிவிட்டது, தலைவி அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு கதை சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 4-ம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். புருஷன் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பையன்களையும் அடிமையாய்ப் பிடித்துக்கொண்டு போக வருகிறான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடுகிறாள். அவர் கேட்ட கேள்வி, “உன் வீட்டில் என்ன இருக்கிறது?” என்பது. ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றுமில்லை என்கிறாள். பக்கத்து வீடுகளில் போய்க் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கு, குறைவாய் வாங்காதே, கதவைச் சாத்திக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளுமாய் ஊற்று என்கிறார். ஊற்ற ஊற்ற எண்ணெய் வருகிறது. பாத்திரம் தீர்ந்தபோது எண்ணெய் நின்றது. விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியில் பிழைத்துக்கொள் என்கிறார்.

அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்புங்கள். எனக்கு அதில் இரண்டு விஷயம் முக்கியம். கதவு சாத்தியிருந்தது, அவள் கடன் தெருவுக்கு வேடிக்கை ஆகவில்லை. அப்புறம், எண்ணெய் நின்றது எண்ணெய் தீர்ந்து இல்லை, பக்கத்து வீட்டுப் பாத்திரம் தீர்ந்து. ஆச்சிக்குத் தாச்சி கொடுத்த அந்த விடிலிக்காரியை நான் இந்தக் கதையில்தான் வைத்துப் பார்க்கிறேன். அவருடைய பேத்தி இப்போது நம்ம கூட்டமைப்பில் ஒரு குழுவில் உறுப்பினர். இந்தக் கதை அவருக்கே நான் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருள் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடன் பாக்கிக்காக உறுப்பினர் வீட்டுக்குள் நுழைவதில்லை, பிழைப்புக் கருவி, ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டு எதையும் எடுத்து வைத்துக்கொள்வதில்லை, தவணை தவறினால் குழுக் கூட்டத்திலேயே பேசி மாற்றித் தருவது என்று. எதிர்த்துப் பேச நினைக்கிறவர்கள் கட்டாயம் வந்து பேசணும். முக்கியமாய் அந்த ஊக்குநர் அக்கா. அவர் கேட்ட கேள்விக்கு நான் பாதிதான் பதில் சொல்லியிருக்கிறேன். வங்கி பேரைக் கெடுத்துக்கொள்ளாமல் இதை எப்படிச் செய்வது, அதற்கென்று கூட்டமைப்பில் ஒரு சிறு நிதி ஒதுக்க முடியுமா, எத்தனை தவணை வரை பொறுப்பது என்பதை எல்லாம் உட்கார்ந்து பேசணும். ஒவ்வொரு குழுவும் இதுவரை தவணை தவறியவர்கள் எத்தனை பேர், என்ன காரணம் என்று பேர் எழுதாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க. கூட்டம் காலை பத்தரை மணிக்கு. பஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.